நேசமணியைத் தெரிந்தவர்கள்

2019 மே 29. நரேந்திர மோடி இரண்டாவது முறை பிரதமராகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள். நாடே டெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ட்விட்டரில் ஒரு பெயர் கிடுகிடுவென மேலே ஏறியது: நேசமணி. அவர் உயிர் பிழைக்கப் பிரார்த்தியுங்கள் என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். உலக அளவிலான டிரெண்டிங் பட்டியலில் அந்தப் பெயர் நின்றபோது, தமிழ் தெரியாதவர்கள் எல்லாம் 'யார் இவர், என்ன ஆயிற்று இவருக்கு?' என்று கவலையோடு விசாரித்தார்கள்.

நடந்தது இதுதான். பாகிஸ்தானைச் சேர்ந்த சிவில் இன்ஜினீயரிங் முகநூல் பக்கம் ஒன்று, சுத்தியல் படத்தைப் போட்டு, 'உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?' என்று கேட்டிருந்தது. நம் ஊர்க்காரர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிறுத்தாமல், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் சேர்த்து எழுதிவிட்டார். இன்னொருவர் வந்து, இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அவ்வளவுதான். 2001 பொங்கலுக்கு வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் தலையில் விழுந்த சுத்தியலுக்கு, பதினெட்டு வருஷம் கழித்து ஒரு மாநிலமே ஆஸ்பத்திரி வாசலில் கூடியது.

அந்த இரண்டு நாளில் எழுதியவர்களில் பலர், படம் வந்தபோது பிறந்தே இருக்க மாட்டார்கள். சிலருக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். எந்தக் காட்சி, எந்த மாடி, சுத்தியல் விழுந்த பிறகு அந்த முகம் எப்படிப் போனது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பதினைந்து வயதுக்காரரும் ஐம்பத்தைந்து வயதுக்காரரும் ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இது எப்படிச் சாத்தியமானது, இனிமேலும் சாத்தியமா என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் இப்போது மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், ஒரே விஷயத்தைப் பேசுகிற நேரம் குறைந்துகொண்டே வருகிறது.

குழாய் ஸ்பீக்கர் காலம்

தமிழ்நாட்டில் சினிமா வசனம் தியேட்டரோடு நின்றதே இல்லை. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யின் கோர்ட் காட்சியை, படத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் பேசிக்காட்டினார்கள். மு. கருணாநிதி எழுதியதை சிவாஜி கணேசன் பேசியது ஒரு தடவை. ஊர் ஊராகப் பையன்கள் பள்ளி ஆண்டு விழாவிலும் திண்ணையிலும் பேசியது எத்தனையோ தடவை. 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனமும் அப்படித்தான். நடிப்பு வாய்ப்பு கேட்டுப் போனவர்களுக்கு அதுதான் நுழைவுத் தேர்வு மாதிரி இருந்தது.

பிறகு இசைத்தட்டும் கேசட்டும் வந்தன. கதை வசனம் முழுவதும் ஒலியாகக் கிடைத்தது. கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்' ஓடும். அடுப்படியில் இருப்பவரும் கேட்டாக வேண்டும், தொட்டிலில் இருக்கும் குழந்தையும் கேட்டாக வேண்டும். வானொலியில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவின் குரல், பி.எச். அப்துல் ஹமீதின் குரல். அந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் ராமநாதபுரத்திலும் இருந்தார்கள், யாழ்ப்பாணத்திலும் இருந்தார்கள். இடையில் கடல் இருந்தது ஒரு பொருட்டாகவே இல்லை.

1975-இல் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடியது. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. அப்புறம் காமெடிக்கென்றே ஆதித்யா, சிரிப்பொலி என்று சேனல்கள் வந்தன. வடிவேலுவின் முழு வாழ்க்கையும் துண்டு துண்டாக, நாள் முழுக்க, வரவேற்பறையில் ஓடிக்கொண்டே இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, எதையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான். ஒரு வீடு, ஒரு டிவி, ஒரு ரிமோட். அந்த ரிமோட்டும் பெரும்பாலும் அப்பா கையில். பிடித்ததோ இல்லையோ, பேரன் நாகேஷைப் பார்த்தான், தாத்தா வடிவேலுவின் கைப்புள்ளயைப் பார்த்தார். பொதுவான நினைவு என்று நாம் இன்று ஏக்கத்தோடு சொல்வதில் பாதி, வேறு வழியில்லாமல் சேர்ந்து பார்த்ததால் வந்தது. அதைக் கொச்சைப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. கட்டாயத்தில் கிடைத்தது என்பதாலேயே அது எல்லோருக்கும் கிடைத்தது.

அப்படிச் சேர்ந்ததெல்லாம் அன்றாடப் பேச்சுக்குள் புகுந்தது. 1959-இன் 'கல்யாணப் பரிசு' படத்தில் வேலை இல்லாத தங்கவேலு, வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்ட இடம் 'மன்னார் அண்ட் கம்பெனி'. ஐம்பது வருஷத்துக்கு அந்தப் பெயர் தமிழர்களிடம் புழங்கியது. ஆள் இல்லாத ஆபீஸ், சம்பளம் தராத முதலாளி, போர்டு மட்டும் உள்ள சங்கம் எல்லாமே மன்னார் அண்ட் கம்பெனிதான். இன்று அதை இருபது வயதுப் பிள்ளையிடம் சொன்னால், உண்மையிலேயே அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறதா என்று போனில் தேடிப் பார்ப்பார். அதே பிள்ளை, தேர்தல் கூட்டணிச் செய்தியைப் படித்துவிட்டு 'இது பேக்கரி டீலிங்' என்று சொல்வார். 2004-இன் 'கிரி' படத்தில் வடிவேலு பேக்கரிக்கு முதலாளியான கதை அது. அவருடைய தாத்தாவுக்கு அது புரியாது. இரண்டும் செய்வது ஒரே வேலை: பெரிய ஊழலையும் சின்னப் பொய்யையும் நாலு வார்த்தையில் அம்பலப்படுத்துவது.

ஆள் இல்லாத நேரத்தில் பெருகிய முகம்

வடிவேலு விஷயத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. 2011 சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்துக்குப் பிறகு அவருக்குப் படங்கள் வெகுவாகக் குறைந்தன. பத்து வருஷத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சாதாரணமாக அதோடு ஒரு நகைச்சுவை நடிகரின் காலம் முடிந்திருக்கும். ஆனால் அதே பத்து வருஷத்தில்தான் ஸ்மார்ட்போன் எல்லோர் கைக்கும் வந்தது, 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலையை அடிமட்டத்துக்கு இறக்கியது, முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் மீம் பக்கங்கள் பெருகின. திரையில் ஆள் இல்லை, ஆனால் எல்லாப் போனிலும் முகம் இருந்தது.

வேறு யாருக்கும் இது ஏன் நடக்கவில்லை? கவுண்டமணியின் பலம் வாயில் இருந்தது. செந்திலைத் திட்டும் வேகத்தில் இருந்தது. அதை ஒரு படமாக நிறுத்திவைத்தால் பாதி போய்விடும். விவேக் கருத்து சொன்னார். கருத்துக்கு வாக்கியம் வேண்டும். வடிவேலுவுக்கு முகமே போதும். அடி வாங்கிவிட்டு வாங்காத மாதிரி நடக்கிற நடை, பயத்தை மறைக்கத் தூக்குகிற புருவம், தோற்ற பிறகும் கலையாத மிடுக்கு. எந்த நொடியில் நிறுத்தினாலும் அதில் ஒரு முழு மனநிலை இருக்கிறது. மாதக் கடைசி, தேர்வு முடிவு, மேனேஜரின் மெயில், காதல் தோல்வி எதற்கும் ஒரு வடிவேலு உண்டு. மீம் போடுகிறவர்கள் 'டெம்ப்ளேட்' என்று சொல்வது இதைத்தான். தோற்றவனின் உடல்மொழிக்கு இவ்வளவு பெரிய அகராதியைத் தமிழில் வேறு எந்த நடிகரும் விட்டுச் செல்லவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் டெம்ப்ளேட் பரவும்போது படம் கழன்றுவிட்டது. 'வின்னர்' 2003-இல் வந்த படம் என்பதோ, அதில் கைப்புள்ள நடத்திய சங்கத்தின் பெயரைத்தான் 2013-இல் சிவகார்த்திகேயன் படத்துக்கு வைத்தார்கள் என்பதோ, தினமும் அந்த முகத்தை அனுப்புகிற பல பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமலேயே சரியான இடத்தில், சரியான முகத்தைப் பயன்படுத்துகிறார்கள். பெரியவர்கள் இதைக் குறையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழமொழி சொல்கிற யாரும் அது பிறந்த கதையைத் தெரிந்துகொண்டு சொல்வதில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. தெரிந்ததை வைத்து அடுத்தவரை அளக்கத் தொடங்கும்போதுதான் முறுக்கு ஏறுகிறது. 'இதுகூடத் தெரியாதா?' என்ற கேள்வியை எத்தனை சாப்பாட்டு மேசைகளில் கேட்டிருக்கிறோம்! நைன்டீஸ் கிட்ஸ் என்று தங்களை அழைத்துக்கொள்பவர்கள் சக்திமானையும் ஜவ்வு மிட்டாயையும் அடையாள அட்டை போலக் காட்டுகிறார்கள். சுட்டி டிவியில் டோராவும் புஜ்ஜியும் தமிழ் பேசிய காலத்தில் வளர்ந்தவர்களை, ஏழெட்டு வயதுதான் சிறியவர்கள் என்றாலும், வாசலிலேயே நிறுத்துகிறார்கள். பதிலுக்கு டூகே கிட்ஸ் கையில் ஒரே சொல் இருக்கிறது: பூமர். நாற்பது வயது மனிதர் ஆசையாக ஒரு பழைய காட்சியைச் சொல்லத் தொடங்குவார்; 'பூமர் அங்கிள்' என்று ஒரு குரல் வரும்; அவர் பாதியில் நிறுத்திக்கொள்வார். சிரிப்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த மனிதர் அடுத்த முறை வாயைத் திறப்பதில்லை. இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் காயம் பட்டுக்கொள்கிற, யாருக்கும் எதுவும் கிடைக்காத விளையாட்டு இது.

அங்கவையும் சங்கவையும்

இதைவிட ஆழமான பிளவு ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு தலைமுறைக்கும் காட்சி நன்றாகத் தெரியும். ஒருவர் சிரிப்பார், மற்றவர் சிரிக்க மாட்டார்.

'திருவிளையாடல்' படத்தில் தருமியாக வரும் நாகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அரசவையில் பாடும், இறையனார் எழுதியதாகச் சொல்லப்படும் பாட்டு குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு. சங்க இலக்கியத்தின் பக்கமே போகாத கோடிக்கணக்கான தமிழர்கள், கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று நக்கீரர் வாதாடிய கதையைத் தெரிந்துவைத்திருப்பது 1965-இல் வந்த ஒரு சினிமாவால். பரிசுக்காக ஏங்கி மண்டபத்தில் புலம்புகிற ஏழைப் புலவனின் வழியாக, ஈராயிரம் ஆண்டுப் பழைய கவிதை ஒன்றின் கதை வீட்டுக்கு வீடு போயிற்று. சினிமா செய்த பெரிய காரியங்களில் இதுவும் ஒன்று.

இப்போது 2007-க்கு வருவோம். 'சிவாஜி' படத்தில் சாலமன் பாப்பையா ஒரு தந்தையாக வருகிறார். அவருக்கு இரண்டு மகள்கள், அங்கவை, சங்கவை. முகத்தில் கரியைப் பூசி அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கதாநாயகன் அவர்களைக் கண்டு ஓடுவதுதான் நகைச்சுவை. தியேட்டர் குலுங்கியது. அங்கவை, சங்கவை என்று மரபு பெயர் சொல்வது பாரியின் மகள்களுக்கு. மூவேந்தர்கள் முற்றுகையிட்டுத் தந்தையைக் கொன்று பறம்பு மலையையும் எடுத்துக்கொண்ட பிறகு, அந்தப் பெண்கள் பாடியதாகப் புறநானூற்றில் 112-ஆம் பாட்டு இருக்கிறது. தமிழில் எழுதப்பட்ட துயரப் பாட்டுகளில் அதற்கு இணையாகச் சொல்லச் சிலவே இருக்கும். அந்தப் பெயர்களை ஒரே படம் கறுப்பு நிறத்தைக் கேலி செய்யும் சொல்லாக மாற்றிவிட்டது. அதற்குப் பிறகு பல வருஷம், பள்ளிகளில் கறுப்பான பெண் பிள்ளைகளை எந்தப் பெயர் சொல்லிச் சீண்டினார்கள் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்தக் காட்சி டிவியில் வரும்போது பழைய பழக்கத்தில் சிரிக்கிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள் எழுந்து போகிறாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தப்பான முடிவு. அவள் காட்சியை மிகச் சரியாகப் புரிந்துகொண்டுதான் எழுந்தாள். எண்பதுகள், தொண்ணூறுகளின் காமெடி டிராக்குகளில் உருவத்தையும் நிறத்தையும் திருநங்கைகளையும் வைத்துச் செய்த கேலிகளுக்கு இந்தத் தலைமுறை சிரிக்க மறுப்பதை நான் மனசார வரவேற்கிறேன். நாங்கள் சிரித்தபோது பக்கத்தில் இருந்த யாரோ சிரிக்காமல் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொரு பெயர், இசக்கி. 1992-இன் 'தேவர் மகன்' படத்தில் வடிவேலுவின் பாத்திரம். அடங்கி நிற்கிற, விசுவாசமான, ஒரு கையை இழக்கிற மனிதன். படம் பார்த்த தலைமுறைக்கு அது சிவாஜியும் கமலும் எதிரெதிரே நின்ற படம். இசக்கி ஓரத்தில் நின்றவன். 2023 ஜூனில் 'மாமன்னன்' இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் முன்னிலையில், இயக்குநர் மாரி செல்வராஜ், அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்று சொன்னார். இளைஞராக அவர் தன்னைத் தேடியது பெரிய தேவரிடத்தில் அல்ல, கையை இழந்தவனிடத்தில். முப்பது வருஷம் எல்லோரும் ஒன்றாகப் பார்த்த படத்தை எல்லோரும் ஒரே இடத்திலிருந்து பார்க்கவில்லை என்பது அன்று மேடையில் வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த சண்டை பல வாரங்கள் நீடித்தது. கசப்பான சண்டைதான், ஆனாலும் அவசியமானது. 'மாமன்னன்' படத்தில் வடிவேலு தனித்தொகுதி எம்.எல்.ஏ.வாக நாற்காலியில் உட்கார்ந்தபோது, நேசமணியை மட்டுமே தெரிந்திருந்த பிள்ளைகள் அமைதியாகப் பார்த்தார்கள். அந்த முகத்தில் சிரிக்க வைக்காத ஒன்று இவ்வளவு நாள் இருந்திருக்கிறது என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி.

பழைய நினைவுகளைச் சினிமா இப்போது தானே தோண்டி எடுக்கத் தொடங்கியிருப்பதையும் சொல்ல வேண்டும். 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு ஒரே நாளில் வந்து அதன் நிழலில் நின்ற படம் 'குணா'. கொடைக்கானலில் அது எடுக்கப்பட்ட குகைக்கே பிறகு குணா குகை என்று பெயர் வந்தது. அந்தக் குகையின் பள்ளத்தில் 2006-இல் விழுந்த நண்பனை மீட்ட கேரள இளைஞர்களின் உண்மைக் கதைதான் 2024-இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. உச்சக் காட்சியில் 'குணா'வின் இளையராஜா பாட்டு எழுந்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் வயது வித்தியாசம் இல்லாமல் கத்தினார்கள். காதலுக்காகப் போட்ட பாட்டு நட்புக்குப் பொருந்திப் போனது. அதே வருஷம் 'லப்பர் பந்து' படத்தில், 1989-இன் 'பொன்மனச் செல்வன்' பாட்டோடு களத்தில் இறங்கும் கெத்து கதாபாத்திரத்தின் வழியாக, சில மாதங்களுக்கு முன் மறைந்திருந்த விஜயகாந்தை அவர் படத்தையே தியேட்டரில் பார்த்திராத பிள்ளைகள் கொண்டாடினார்கள். இந்த இரண்டு படங்களிலும் பழைய பாட்டுக்குக் கதையில் வேலை இருந்தது. வேலை இல்லாமல், கைதட்டலுக்காக மட்டும் பழைய பாட்டைச் சண்டைக் காட்சியில் ஒட்டுகிற படங்கள் இப்போது வரிசை கட்டுகின்றன. அவை அலுப்பூட்டுகின்றன. நினைவைத் தட்டிவிட்டு எதுவும் தராமல் போகிறவை அவை.

இவை எல்லாமே ஒரே திசைப் பயணம் என்பதுதான் என் வருத்தம். பிள்ளைகள் நம் சிவாஜியையும் நம் கவுண்டமணியையும் நம் இளையராஜாவையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்; பெருமளவுக்கு அவர்களும் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் எதைப் பார்த்து அழுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' என்ற ஜப்பானிய அனிமே படம் தமிழிலும் வெளியானது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 'என்னவோ பொம்மைப் படம்' என்று வீட்டில் சொன்னார்கள். அந்தப் பொம்மைப் படத்துக்குள் அண்ணன் தங்கை பாசமும் குரு பக்தியும் பழிவாங்கலும் எதிரிக்காகவும் கண்ணீர் விடுகிற மனசும் இருக்கின்றன. 'திருவிளையாடல்' எடுத்த ஏ.பி. நாகராஜனின் படம் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்நியமாகத் தெரிய வேண்டிய சரக்கே இல்லை.

மதுரையில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்று. பத்தாம் வகுப்பு படிக்கும் பெண், எழுபது தாண்டிய அப்பத்தா, நடுவில் அந்தப் பெண்ணின் அப்பா. அப்பத்தாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து டிவி பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பொழுது போகாமல் தவித்தவருக்குப் பேத்தி 'நருட்டோ' கதையைச் சொல்லத் தொடங்கினாள். தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம். ஒருநாள் நான் போயிருந்தபோது ஜிரையா சாகிற கட்டம். ஜிரையா நருட்டோவின் குரு. தான் முன்பு சோறு போட்டு வித்தை சொல்லிக்கொடுத்த அனாதைப் பிள்ளை ஒருவனின் கையாலேயே சாகிறார். சொல்லும்போது அந்தப் பெண்ணுக்குக் குரல் உடைந்தது.

அப்பத்தா பச்சைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பீஷ்மரும் தான் தூக்கி வளத்த பிள்ளைக அம்புலதானடி விழுந்தாரு. இந்தாளுக்குப் படுக்க அம்புப் படுக்கையாச்சும் இருந்துச்சா?"

"இல்ல அப்பத்தா. தண்ணிக்குள்ள போயிட்டாரு. ஆனா சாகுறதுக்கு முன்னாடி எதிரியோட ரகசியத்த எழுதி அனுப்பிட்டாரு."

"யாருகிட்ட அனுப்புனாரு?"

"தவளைகிட்ட."

அப்பத்தா இதில் கொஞ்சமும் சிரிக்கவில்லை. அனுமார் கொண்டுபோன கணையாழி, நளனுக்குத் தூது போன அன்னம் என்று அவருக்கு இதெல்லாம் பழக்கம்தான். அந்தத் தவளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்டார். பிறகு பீஷ்மர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று பேத்தி கேட்க, கதை சந்தனு மகாராஜாவிடம் போயிற்று.

கடையை அடைத்துவிட்டு வந்த அப்பா, செருப்பைக் கழற்றியபடியே, "யாரும்மா செத்தது? நம்ம சொந்தமா?" என்று பதறினார்.

"ஜிரையாடா," என்றார் அப்பத்தா.

"எந்த ஊரு?"

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கை கழுவிட்டு வந்து உட்காரு, முதல்ல இருந்து சொல்றேன் என்று மகனை அதட்டிவிட்டு, அப்பத்தா கதையை ஆரம்பித்தார். நருட்டோ பிறந்த ராத்திரி ஊருக்குள் புகுந்த ஒன்பது வால் நரியிலிருந்து. வால் ஒன்பதா பத்தா என்பதில் மட்டும் பேத்தி குறுக்கே புகுந்து திருத்த வேண்டியிருந்தது.